நீரிழிவுக் கட்டுப்பாட்டுக் கருவிகள்

நீரிழிவுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் என்பவை, நீரிழிவு நோயுள்ளவர்கள் தம் குருதியிலுள்ள சர்க்கரையின் (குளுக்கோசின்) அளவை அன்றாடம் அறிந்துகொள்ளவும், தேவையான இன்சுலினை உடலில் செலுத்திக்கொள்ளவும் வீட்டிலேயே பயன்படுத்தும் கருவிகள் ஆகும். இவற்றை அளக்கும் கருவிகள், செலுத்தும் கருவிகள் என இரண்டாகப் பிரிக்கலாம். விரல் நுனிக் குருதியைச் சோதிக்கும் குருதிச் சர்க்கரைமானியும் (குளுக்கோமீட்டர்), தோலின் கீழ் உணரியைப் பொருத்தி இரவும் பகலும் அளக்கும் தொடர் சர்க்கரைமானியும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஊசிக்குழல் (சிரிஞ்சு), இன்சுலின் பேனா, இன்சுலின் எக்கி (பம்பு) ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

விலை மிகுந்த கருவியே நல்ல கட்டுப்பாட்டைத் தரும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. கருவி காட்டும் எண்ணைக் கொண்டு நோயாளி என்ன செய்யப்போகிறார், அக்கருவிக்கு மாதந்தோறும் ஆகும் செலவை அவரால் தொடர்ந்து ஏற்க இயலுமா, அவருடைய தொழிலும் ஊரின் வெப்பமும் அதற்கு இடந்தருமா என்பவையே தேர்வை முடிவு செய்கின்றன. இக்கட்டுரை சேலம், நாமக்கல் சமவெளியின் வாழ்க்கைச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

பின்னணி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடளாவிய நீரிழிவு ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2011-இல் வெளியாயின. அதன்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாடு முழுவதற்குமான முடிவுகள் 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிடப்பட்டது. தமிழ்நாடு அரசு 2020-இல் மேற்கொண்ட கணக்கெடுப்பு ஒன்று இதைவிடக் கவலைக்குரிய செய்தியைத் தந்தது. மாநிலத்தில் நீரிழிவு உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேலானவர்களுக்கே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது. மருந்து கிடைப்பது ஒன்று, மருந்து வேலை செய்கிறதா என அறிவது வேறொன்று. அளக்கும் கருவிகளின் இடம் இந்த இடைவெளியில்தான் உள்ளது.

1997 சனவரி 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டது. இவ்விரு மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் வேளாண்மையுடன் விசைத்தறி, சவ்வரிசி ஆலை, கோழிப்பண்ணை, சரக்குந்து (லாரி) போக்குவரத்து ஆகிய தொழில்கள் பெருகியுள்ளன. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் தறிக்கூடங்களில் இரவுப் பணி வழக்கமானது. சங்ககிரி, நாமக்கல் பகுதிச் சரக்குந்துகளும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளும் பல நாட்கள், சில வேளை பல மாதங்கள், வெளிமாநிலங்களிலேயே இருக்கின்றன. உணவு நேரமும் உறக்க நேரமும் நிலையாக இல்லாத இத்தகைய வாழ்க்கைக்கு, "காலை உணவுக்கு முன், இரவு உணவுக்கு முன்" என்று மருந்துச் சீட்டில் எழுதும் வழக்கமான அறிவுரை எளிதில் பொருந்துவதில்லை.

வரலாறு

சர்க்கரையை முதலில் சிறுநீரிலேயே தேடினர். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நோயை அறிந்த செய்தி பழைய இந்திய மருத்துவ நூல்களில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் இசுட்டான்லி பெனடிக்டு உருவாக்கிய நீலநிறக் கரைசல் பல பத்தாண்டுகள் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் பயன்பட்டது. சிறுநீரைச் சில துளிகள் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை மிகுவதற்கேற்பக் கரைசல் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். ஆனால் குருதியில் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி./டெ.லி. அளவைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் வெளிப்படும். குருதியில் சர்க்கரை 60-இல் இருப்பதற்கும் 160-இல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இச்சோதனை காட்டாது. தாழ்சர்க்கரையை அறியும் வழி அக்காலத்தில் வியர்வையும் நடுக்கமும் மட்டுமே.

1965-இல் அமெரிக்காவின் ஏம்சு நிறுவனம் குருதிக்கான டெக்சுட்ரோசுடிக்சு என்னும் நிறம் மாறும் பட்டையை வெளியிட்டது. அதன் நிறத்தை ஒளியால் அளக்கும் கருவியை அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்டன் கிளெமென்சு உருவாக்கினார். 1970 அளவில் அது விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டிருந்த அக்கருவி மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. இளம்வயது முதல் நீரிழிவு கொண்டிருந்த பொறியாளர் ரிச்சர்டு பெர்ன்சுட்டைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதை வாங்கித் தம் சர்க்கரையை ஒரு நாளில் பலமுறை அளந்து பதிவு செய்தார். நோயாளி தானே அளப்பதால் பயனுண்டு என்று அவர் எழுதியதை மருத்துவ இதழ்கள் தொடக்கத்தில் ஏற்கவில்லை. அவர் பின்னர் நாற்பது வயதுக்கு மேல் மருத்துவம் பயின்று மருத்துவரானார்.

1987-இல் மெடிசென்சு நிறுவனத்தின் எக்சாக்டெக் கருவி வெளிவந்தது. பேனா அளவே இருந்த அது நிற மாற்றத்தை அல்லாமல் மின்னோட்டத்தை அளந்தது. இன்று புழக்கத்திலுள்ள பெரும்பாலான சர்க்கரைமானிகள் இம்முறையைப் பின்பற்றியவை. தொடர் சர்க்கரைமானிக்கு அமெரிக்காவில் முதன்முதலாக 1999-இல் ஒப்புதல் கிடைத்தது. விரல் குத்தி ஒப்புநோக்கத் தேவையில்லாமல் ஆலையிலேயே அளவுதிருத்தப்பட்ட உணரி 2014-இல் ஐரோப்பாவில் வெளிவந்தது. அதன் மருத்துவர் பயன்பாட்டு வடிவம் 2015-இல் இந்தியாவில் அறிமுகமானது.

இவ்வளர்ச்சிக்கு மருத்துவ அடிப்படை தந்தது 1993-இல் வெளியான டி.சி.சி.டி. என்னும் வட அமெரிக்க ஆய்வாகும். முதலாம் வகை நீரிழிவில் சர்க்கரையை அடிக்கடி அளந்து அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொண்டவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு வெகுவாகக் குறைந்ததை அது நிறுவியது. அதே ஆய்வில் கடும் தாழ்சர்க்கரை நிகழ்வுகள் ஏறத்தாழ மூன்று மடங்காயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குருதிச் சர்க்கரைமானி

சோதனைப் பட்டையின் (ஸ்டிரிப்) நுனியில் குளுக்கோசை ஆக்சிசனேற்றம் செய்யும் நொதியம் பூசப்பட்டிருக்கும். குருதித்துளி பட்டும் வேதிவினை நிகழ்ந்து இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. அவற்றால் உண்டாகும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து, சில நொடிகளில் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே அளக்கும் வேலையைச் செய்வது பட்டையே. கருவி அதைப் படித்துச் சொல்கிறது. இதனால்தான் கருவி மலிவாகவும், சில வேளை இலவசமாகவும் கிடைக்க, பட்டையின் விலை தொடர் செலவாக அமைகிறது. பட்டை ஒன்று ஏறத்தாழ 10 முதல் 30 ரூபாய் வரை விற்கிறது. 20 ரூபாய்ப் பட்டையில் நாளுக்கு நான்கு முறை அளப்பவருக்கு மாதம் 2,400 ரூபாய் ஆகும். வாரத்துக்கு நான்கு முறை அளப்பவருக்கு 350 ரூபாய் போதும். ஒரு நிறுவனத்தின் பட்டை மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி கருவியின் விலையைப் பற்றியதன்று. அதன் பட்டை தம் ஊர் மருந்துக்கடையில் ஆண்டு முழுதும் கிடைக்குமா என்பதே.

துல்லியத்துக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எசு.ஓ. 15197 (2013 பதிப்பு) ஆகும். அதன்படி உண்மை அளவு 100-க்குக் கீழ் இருந்தால் நூற்றுக்கு 95 அளவீடுகள் 15 மி.கி. ஏற்ற இறக்கத்துக்குள்ளும், 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 விழுக்காட்டுக்குள்ளும் அமைய வேண்டும். உண்மை அளவு 200 எனில் 170 முதல் 230 வரை எந்த எண்ணும் தரத்துக்கு உட்பட்டதே. அடுத்தடுத்து இருமுறை குத்தி 188, 207 என வந்ததும் கருவி பழுது என முடிவு செய்வோர் பலர். அது பழுதன்று. அதே காரணத்தால், நேற்று 150 இன்று 160 என்பதைக் கொண்டு மருந்தை மாற்றுவதும் பொருளற்றது.

ஆய்வகத்தில் நரம்பிலிருந்து எடுத்த குருதியின் அளவும் விரல் நுனியின் அளவும் வெறும் வயிற்றில் நெருங்கி வரும். உணவுக்குப் பின் விரல் நுனியில் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட விரும்புவோர் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும்.

பிழைகள்

பழச்சாறு: 2011-இல் வெளியான சப்பானிய ஆய்வு ஒன்றில், ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகிய பழங்களை உரித்த விரலில் எடுத்த குருதி உண்மையைவிட மிகக்கூடுதலான அளவைக் காட்டியது. மதுசாரப் பஞ்சால் (ஸ்பிரிட்டு) துடைத்த பின்னும் பிழை நீங்கவில்லை. குழாய் நீரில் கழுவியதும் நீங்கியது. மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற சேலத்தில் இதை நினைவிற் கொள்வது நன்று. பரமத்திவேலூர்ப் பகுதி வெல்ல ஆலைகளில் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும். பொய்யாகக் கூடிய எண்ணைப் பார்த்து இன்சுலினை ஏற்றிக்கொண்டால் விளைவு தாழ்சர்க்கரையாக இருக்கும். சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின் குத்துவதே சரியான முறை.

குருதிச்சோகை: குருதியில் சிவப்பணுக்களின் பங்கு குறைந்தால் பல சர்க்கரைமானிகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சோகை உள்ளது. ஆதலால் இதை அரிய பிழை என ஒதுக்க இயலாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இங்கு முழுத்துணையாகாது. இரும்புச்சத்துக் குறைபாட்டில் அது கூடுதலாகவும், குருதியிழப்பு அல்லது சிவப்பணுச் சிதைவில் குறைவாகவும் வரக்கூடும். சோகை உள்ள பெண்ணுக்குச் சர்க்கரை அளவு எதிர்பாராத விதத்தில் வந்தால் ஈமோகுளோபினையும் உடன் பார்ப்பது முறை.

வெப்பமும் ஈரமும்: பெரும்பாலான பட்டைகளை 30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்குமாறு பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். சேலத்தில் கோடை நண்பகல் வெப்பம் 40 பாகையை எட்டும் நாட்கள் உண்டு. தகரக்கூரையின் கீழும் நிறுத்திய சரக்குந்தின் ஓட்டுநர் அறையிலும் அதைவிட மிகும். பட்டைக் குப்பியின் மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் உள்ளது. பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றுவதும், மூடியைத் திறந்து வைப்பதும், செலவைப் பங்கிட்டு அண்டை வீட்டாரோடு தாளில் மடித்துப் பகிர்வதும் அவற்றைக் கெடுக்கும். குத்தூசியை (லான்செட்டு) பகிர்வது இதனினும் தீது. கல்லீரல் அழற்சி பி போன்ற தொற்றுகள் அதன்வழி பரவும்.

யார், எத்தனை முறை அளப்பது

இன்சுலின் போடாத, தாழ்சர்க்கரையை உண்டாக்காத மாத்திரைகள் மட்டும் உண்ணும் இரண்டாம் வகை நோயாளிகள் அடிக்கடி அளப்பதால் பெரும் பயனில்லை. இத்தகையோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு, வீட்டில் அளப்பதால் கிடைத்த சிறு முன்னேற்றமும் ஓராண்டில் மறைந்துவிடுவதைக் காட்டியது. தினமும் குத்தி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, அதனால் எதையும் மாற்றாதிருப்பவருக்கு வலியும் செலவுமே மிச்சம். அவர் மாதத்தில் ஒரிரு நாட்களைத் தெரிந்தெடுத்து, வெறும் வயிற்றிலும் உணவு உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் அளப்பது கூடுதல் பயன் தரும். களி உண்ட நாள், இட்லி உண்ட நாள், விருந்துண்ட நாள் என ஒப்பிட்டால் எந்த உணவு தம் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை அவரே காணலாம்.

இன்சுலின் போடுபவர்களின் நிலை வேறு. நாளுக்குப் பலமுறை இன்சுலின் போடும் முதலாம் வகையினர் ஒவ்வோர் உணவுக்கு முன்னும் உறங்குமுன்னும் அளக்க வேண்டும். ஏனெனில் அந்த எண்ணே அடுத்த ஊசியின் அளவை முடிவு செய்கிறது. கருவுற்ற பெண்களுக்கும் அடிக்கடி அளத்தல் தேவை. வயதுவந்தோர் பலருக்கு வெறும் வயிற்றில் 80–130, உணவுக்குப் பின் 180-க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. முதியோருக்கும் தாழ்சர்க்கரைக்கு அடிக்கடி உள்ளாவோருக்கும் மருத்துவர் இலக்கைத் தளர்த்துவார்.

பிரித்தானியா, கனடா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் கருவிகள் மில்லிமோல்/லிட்டர் அலகில் காட்டும். அதை 18-ஆல் பெருக்கினால் இந்திய வழக்கிலுள்ள மி.கி./டெ.லி. கிடைக்கும். அக்கருவியில் 10 எனத் தெரிந்தால் அது 180 ஆகும்.

வண்டியோட்டுவோர்

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மலிவான, பரவலாக வழங்கப்படும் மாத்திரைகளும் இன்சுலினைப் போலவே தாழ்சர்க்கரையை உண்டாக்கவல்லவை. மாத்திரையை விழுங்கிவிட்டு, சுங்கச்சாவடி தாண்டிச் சாப்பிடலாம் என உணவைத் தள்ளிப்போடும் ஓட்டுநருக்கு இது உயிரச்சம் தரும் நிலை. அவருக்கு மட்டுமன்றிச் சாலையில் எதிரே வருவோருக்கும் அதே அச்சம் உண்டு. நாமக்கல்லிலிருந்து இயங்கும் வண்டிகளில் சமையல் எரிவளி ஏற்றிச் செல்லும் தாங்கி ஊர்திகளும் அடங்கும் என்பதை நோக்குக.

பிரித்தானியாவில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு வழங்கப்படும் அறிவுரை இங்கும் பின்பற்றத்தக்கது. வண்டியை எடுக்குமுன்னும் ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளத்தல், 90-க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்டபின் ஓட்டுதல், தாழ்சர்க்கரை வந்தால் வண்டியை நிறுத்தி, சர்க்கரை சீரான பின்னும் முக்கால் மணி நேரம் காத்திருத்தல் என்பன அவ்வறிவுரையின் சாரம். 70-க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது 15 கிராம் குளுக்கோசுத் தூளை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கையில் எளிதில் கிடைக்கும் கடலை மிட்டாய் இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

இத்தகைய ஓட்டுநருக்குக் கருவி தேர்வதைவிட முதன்மையானது, தாழ்சர்க்கரையை உண்டாக்காத மாத்திரைக்கு மாற இயலுமா என மருத்துவரிடம் கேட்பது. அதற்கு அவர் தம் தொழிலை மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். உரிமம் போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் சொல்வதில்லை.

தொடர் சர்க்கரைமானி

மேற்கையின் பின்புறம் அல்லது வயிற்றில் ஒட்டப்படும் இவ்வுணரியின் மெல்லிழை தோலின் கீழுள்ள திசுநீர்மத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குளுக்கோசை அளக்கிறது. ஓர் உணரி வகைக்கேற்ப 10 முதல் 15 நாட்கள் வரை இயங்கும். இந்தியச் சந்தையில் ஓர் உணரி ஏறத்தாழ 3,000 முதல் 6,000 ரூபாய் வரை ஆகிறது. சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அம்புக்குறியால் காட்டுவதும், இரவு உறக்கத்தில் தாழ்ந்தால் ஒலியெழுப்புவதும் இதன் தனிச்சிறப்புகள். விரல் குத்திப் பார்த்தால் 110 என்பது 110 மட்டுமே. அது 160-இலிருந்து விரைந்து இறங்கிவரும் 110 என்பதை இக்கருவியே சொல்லும்.

திசுநீர்மத்தின் அளவு குருதியின் அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கி வரும். ஆகவே உடல்நிலை ஒன்றும் கருவி வேறொன்றும் சொன்னால் விரல் குத்திப் பார்ப்பதே முடிவானது. உணரியுள்ள கையின்மேல் சாய்ந்து உறங்கினால் இல்லாத தாழ்சர்க்கரையை அது காட்டக்கூடும். சில வகைகளில் பாராசித்தமால் மாத்திரையும், வேறு சிலவற்றில் மிகுந்த அளவு உயிர்ச்சத்து சி-யும் அளவீட்டைப் பொய்யாக உயர்த்தும். தறிக்கூட வெக்கையில் வியர்வையால் ஒட்டு கழன்று, பாதி நாட்களிலேயே உணரி வீணாவது நடைமுறைச் சிக்கல்.

70 முதல் 180 வரையான எல்லைக்குள் நாளின் எத்தனை பங்கு கழிகிறது என்பதைப் பன்னாட்டு வல்லுநர் குழு 2019-இல் ஓர் அளவுகோலாகப் பரிந்துரைத்தது. பெரும்பாலோருக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் என்பது இலக்கு. முதலாம் வகைச் சிறார்கள், தாழ்சர்க்கரை வருவதை உணரும் திறனை இழந்தவர்கள், இரவில் தனியே உறங்கும் இன்சுலின் பயனாளர்கள் ஆகியோருக்கு இதன் செலவு பொருத்தமானது. மற்றவர்கள் மருந்து மாற்றும்போது ஒரே ஓர் உணரியை இரு வாரங்கள் அணிந்து, அதன் வரைபடத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு மீண்டும் விரல் சோதனைக்குத் திரும்பலாம். ஆண்டு முழுதும் அணிந்து வரைபடத்தை யாரும் பாராதிருப்பதைவிட இது மேலானது.

இன்சுலின் செலுத்தும் கருவிகள்: 40-உம் 100-உம்

இந்தியாவில் இன்சுலின் இரு செறிவுகளில் விற்கப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படுவதும் கடைகளில் மலிவாகக் கிடைப்பதுமான மனித இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டவை. பேனாவில் இடும் 3 மில்லிலிட்டர் குழல்களும், கிளார்சின் போன்ற சில இன்சுலின்களின் குப்பிகளும் மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டவை. ஊசிக்குழல்களும் இரு வகை. 40 அலகு இன்சுலினுக்கு உரியது சிவப்பு மூடியும், 100 அலகுக்கு உரியது ஆரஞ்சு மூடியும் கொண்டிருக்கும். மங்கிய விளக்கில், கண்பார்வை குன்றியவருக்கு இவ்விரு நிறங்களும் ஒன்றுபோலவே தெரியும்.

மாறிப் போட்டால் விளைவது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 அலகு போட வேண்டிய ஒருவர், 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசிக்குழலில் 20-ஆம் கோடு வரை எடுத்தால் அதில் அரை மில்லிலிட்டர் இருக்கும். உடலுக்குள் செல்வது 50 அலகு. இது உயிரைப் பறிக்கவல்ல அளவாகும். மறுதலையாக, 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசிக்குழலில் 20-ஆம் கோடு வரை எடுத்தால் செல்வது 8 அலகு மட்டுமே. சர்க்கரை பல நாட்கள் 300-க்கு மேல் நிற்க, காரணம் விளங்காமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரும். பின்னொரு நாள் சரியான ஊசிக்குழல் கைக்கு வந்தால், கூட்டிய அளவு முழுவதும் உடலில் சேர்ந்துவிடும்.

இப்பிழை நேரும் சூழல்கள் தெளிவானவை. பேனா பழுதானதும் அதன் குழலில் ஊசிக்குழலைக் குத்தி இன்சுலினை உறிஞ்சுதல் ஒன்று. தனியார் மருத்துவரிடம் பேனா பெற்றவர் செலவு தாங்காமல் அரசு மருத்துவமனைக் குப்பிக்கு மாறி, பழைய எண்ணத்தில் கையிலிருக்கும் ஊசிக்குழலைப் பயன்படுத்துதல் மற்றொன்று. அவசரத்தில் கடைக்காரர் கொடுத்ததைப் பாராமல் வாங்கி வருதல் மூன்றாவது. குப்பியிலுள்ள எண்ணும் ஊசிக்குழலிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே விதி. மூடியின் நிறத்தை மட்டும் நம்புதல் போதாது. பேனாக் குழலிலிருந்து ஊசிக்குழலால் எடுக்கும் வழக்கத்தை அறவே தவிர்க்க வேண்டும்.

1985-இல் டென்மார்க்கில் அறிமுகமான இன்சுலின் பேனா இச்சிக்கலைப் பெருமளவு நீக்குகிறது. திருகிய எண்ணே அலகின் எண், கணக்கு ஏதுமில்லை. திருகும்போது ஒலி கேட்பதால் பார்வை குறைந்தவருக்கும் உதவும். ஒவ்வொரு முறையும் 2 அலகைக் காற்றில் வெளியேற்றி ஊசி நுனியில் துளி வருவதைப் பார்த்தல், அழுத்திய பின் பத்து வரை எண்ணி ஊசியை எடுத்தல், போட்ட பின் ஊசியைக் கழற்றி வைத்தல் ஆகியவை பின்பற்ற வேண்டியவை. பெரும்பாலோருக்கு 4 மில்லிமீட்டர் ஊசி போதும். பால் போன்ற வெண்ணிறக் கலவை இன்சுலினை, குப்பியாயினும் பேனாவாயினும், உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் சீராகக் கலந்த பின்னரே போட வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் கொழுப்புக் கட்டிகள் தோன்றி, இன்சுலின் ஒருநாள் சேர்ந்தும் ஒருநாள் சேராமலும் போகும். காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறி இறங்குவோர், புதுக் கருவி வாங்குமுன் தம் வயிற்றைத் தடவிப் பார்ப்பது நன்று.

ஊசிக்குழலும் குப்பியும் தாழ்ந்த தேர்வு எனக் கருதலாகாது. செறிவு பொருந்தி, அளவு சரியாக எடுக்கப்பட்டால் குப்பியின் இன்சுலினும் பேனாவின் இன்சுலினும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பேனாவை வாங்கிவிட்டு மாதக் கடைசியில் ஊசியைத் தவிர்ப்பவரைவிட, குப்பியை ஒரு நாளும் தவறாது போடுபவருக்கே கட்டுப்பாடு கிட்டும்.

இன்சுலினைச் சேமித்தல்

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பயன்பாட்டிலுள்ளதை அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரங்கள் வைக்கலாம். ஆனால் இவ்விதி குறிக்கும் அறை வெப்பம் 25 அல்லது 30 பாகை. சித்திரை மாதத்து ஆத்தூரிலோ மேட்டூரிலோ அது அரிது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானை முறை உதவுகிறது. ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இன்சுலினை நீர்புகா உறையிலிட்டு அதனுள் வைத்து, ஈரத்துணியால் மூட வேண்டும். நீர் ஆவியாகும்போது உட்புறம் வெளிவெப்பத்தைவிடப் பல பாகைகள் குளிர்ந்திருக்கும். பானையை நிழலிலும் காற்றோட்டத்திலும் வைத்தால்தான் இது பயன் தரும். ஈரப்பதம் மிகுந்த மழை நாட்களில் பயன் குறையும். வண்டியில் செல்வோர் பனிக்கட்டியின்மேல் இன்சுலினை நேரடியாக வைக்கலாகாது. தெளிந்திருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலும், கலவை இன்சுலினில் உருட்டிய பின்னும் கட்டிகள் நின்றாலும் அதை எறிந்துவிட வேண்டும்.

இன்சுலின் எக்கி

1978-இல் இலண்டனில் சான் பிக்கப், ஆரி கீன் ஆகியோர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இக்கருவி, விரைந்து செயற்படும் இன்சுலினைத் தோலின் கீழ்ப் பொருத்திய மென்குழாய் வழியே நாள் முழுதும் சிறிது சிறிதாகச் செலுத்துகிறது. தொடர் சர்க்கரைமானியுடன் இணைந்து தானே அளவைக் கூட்டிக் குறைக்கும் வகைகளும் வந்துள்ளன. விலை இலட்சக் கணக்கில் உள்ளது. குழாய், சேமிப்புக்கலம் முதலியவற்றுக்கு மாதச் செலவு தனி. உடலில் நீடித்து நிற்கும் இன்சுலின் இல்லாமையால், குழாய் அடைபட்டால் அல்லது கழன்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் அமில நஞ்சேற்றம் தொடங்கலாம். எனவே எக்கி அணிபவர் மாற்று இன்சுலினும் ஊசியும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவக் குழு அணுகும் தொலைவில் இல்லாதவர்க்கு இது ஏற்றதன்று.

அரசுத் திட்டங்களும் சந்தையும்

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இதன்படி பெண் நலத் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே வந்து குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, நீரிழிவு மாத்திரைகளை வழங்குகின்றனர். மாதம் ஓரளவீடு மட்டுமே தேவைப்படும் நோயாளிக்குச் சொந்தக் கருவி வாங்கும் தேவையை இது பெரிதும் குறைக்கிறது. இன்சுலின் போடுபவருக்கு இது போதாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 2022-இல் தொடங்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் இப்பகுதியின் பெரிய அரசு மருத்துவ நிறுவனங்கள் ஆகும்.

2018 திசம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை சர்க்கரைமானியை மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2021 சூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சர்க்கரைமானி உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வணிக இலாபத்துக்கு வரம்பு விதித்தது.

வாங்கும்போது பட்டைக் குப்பியின் காலாவதி நாளையும், குப்பியைத் திறந்த பின் எத்தனை மாதங்கள் பயன்படுத்தலாம் என்பதையும் பார்த்து, திறந்த நாளை அதன்மேல் எழுதிவைக்க வேண்டும். 50 பட்டைகள் கொண்ட குப்பி மலிவாகத் தோன்றினும், வாரம் இருமுறை மட்டும் அளப்பவர் 25 பட்டைகள் உள்ளதை வாங்குவதே சிக்கனம். பயன்படுத்திய ஊசிகளையும் குத்தூசிகளையும் தடித்த நெகிழிப் புட்டியில் இட்டு மூடி, நிரம்பியதும் மருத்துவமனையில் ஒப்படைக்கலாம். வீட்டுக் குப்பையோடு சேர்த்தால் அவை தூய்மைப் பணியாளர் கைகளில் குத்தும்.